வாயைத் திறக்காத காலண்டர்

அம்மாவின் கண் பரிசோதனை செவ்வாய் காலை 10 மணிக்கு. போனில் பதிந்தேன், வீட்டு சர்வரிலும் ஏறிவிட்டது. மடிக்கணினிக் காலண்டரில் மட்டும் அந்தக் கட்டம் காலி. நாள் முழுக்க நான் பார்ப்பது அதைத்தான். போகாமல் விட்டுவிட்டோம்.

இரண்டு ராத்திரி தேடினேன். கடவுச்சொல் சரி, காலண்டரைச் சர்வருடன் இணைக்கும் கால்டேவ் (CalDAV) முகவரியும் சரி. கடைசியில் லாகில், அதாவது மென்பொருள் நடப்பதைக் குறித்து வைக்கும் கோப்பில், ஒரே ஒரு வரி: சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழை நம்ப முடியவில்லையாம். சர்வருக்கு நானே கையொப்பமிட்ட சான்றிதழைப் போன மாதம் புதுப்பித்திருந்தேன். புதியதை நம்பலாமா என்று போன் கேட்டது, ஒப்புக்கொண்டேன். மடிக்கணினியின் காலண்டர் மென்பொருளோ கேட்கவே இல்லை, சத்தமில்லாமல் இணைப்பை மறுத்திருக்கிறது.

சரி, மறுக்கட்டும், பாதுகாப்புக்குத்தானே. அதைச் சொல்ல வேண்டாமா? சேமித்து வைத்த பழைய பதிவுகளையே காட்டிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாக சிங்க் ஆன தேதியை ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தால்கூடப் போதுமே!