தங்கக் கம்பிக்குக் கொடுத்த காசு

ஏழு பவுண்டுக்குள் குடிக்கிற மாதிரி ஒரு ஸ்பானிஷ் சிவப்பு ஒயின். லண்டனில் இது அவ்வளவு பெரிய பேராசையா?

போன சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றை எடுத்தேன். பாட்டில் உடம்பெல்லாம் தங்க நிறக் கம்பி வலை. 12 பவுண்டை அடித்துவிட்டு 7 என்று மஞ்சள் அட்டை. லேபிளில் கொட்டை எழுத்தில் 'ரியோஹா ரிசர்வா'. ரியோஹா என்பது ஸ்பெயினில் ஒயினுக்குப் பேர்போன பகுதி. வீட்டுக்கு வந்து தக்கையைப் பிடுங்குவதற்குள் கம்பி விரலைக் கீறிவிட்டது. சரி, உள்ளேயாவது நன்றாக இருக்கும் என்று ஊற்றினால், பலகையை வெனிலா எசென்ஸில் ஊறப்போட்ட மாதிரி ஒரு ருசி. திராட்சையில்தானே ஐயா செய்தீர்கள்? பழம் எங்கே? மிச்சத்தைக் கறிக்குழம்பில் ஊற்றலாமா என்று யோசித்தேன். குழம்பு என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன்.

அந்த வலைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. நல்ல ரியோஹாவின் காலி பாட்டிலில் மட்டச் சரக்கை ஊற்றி விற்ற ஆட்களைத் தடுக்கப் போட்டது. அப்போதெல்லாம் வலையை அறுக்காமல் தக்கையை எடுக்க முடியாது. இப்போது மட்டச் சரக்கே வலையைப் போர்த்திக்கொண்டு வருகிறது!

'ரிசர்வா' என்றால் மூன்று வருடம் வைத்திருந்தார்கள், அதில் ஒரு வருடமாவது ஓக் மரப் பீப்பாயில், அவ்வளவுதான். வயதுச் சான்றிதழைப் போய் நன்னடத்தைச் சான்றிதழ் என்று நம்பியது என் தப்பு. மூன்று வருடம் வைத்திருந்து, ஏழு பவுண்டுக்கும் விற்க வேண்டுமென்றால் எங்கே மிச்சம் பிடிப்பார்கள்? பழத்தில்தான்.

இதில் அரசாங்கத்தின் பங்கு வேறு. 2025 பிப்ரவரியிலிருந்து ஆல்கஹால் அளவைப் பார்த்து வரி. 14.5 சதவீத பாட்டிலுக்கு 3.20 பவுண்டுக்கு மேல் போகிறது. வாட் வரியையும் சேர்த்தால் ஏழில் நாலுக்கு மேல் காலி. மிச்சத்தில் கண்ணாடி, தக்கை, லாரி, கடை லாபம், அப்புறம் அந்தப் பாழாய்ப்போன கம்பி. ஒயினுக்கென்று சில்லறைதான் தேறும்.

அதனால் நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பெயினின் வடகிழக்கே அராகோன் பக்கம் கலாதாயுத், காம்போ தெ போர்ஹா பகுதிகளின் கர்னாச்சா திராட்சை ஒயின், தென்கிழக்கே ஹுமியாவின் மொனாஸ்த்ரெல் திராட்சை ஒயின் எல்லாம் இந்த விலைக்கு வஞ்சனையில்லாமல் பழம் தரும். ரியோஹா அளவுக்குப் பெயர் பரவாததால் விலை ஏறவில்லை. ஆனால் கடையில் ரியோஹாவுக்குக் கண் மட்டத்தில் நாலு வரிசை. இவற்றுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு மூலை. குந்தி உட்கார்ந்து தேட வேண்டும்.

நானும் அப்படிக் குந்தித்தான் ஆறரை பவுண்டுக்கு ஒரு கலாதாயுத்தைக் கண்டுபிடித்தேன். மிளகு வாசம், நல்ல பழம், மரமே தெரியாது. இரண்டு மாதம் நிம்மதியாக ஓடியது. மூன்றாம் மாதம் காணோம். கேட்டால், "சிஸ்டத்திலேயே இல்லை" என்கிறான் பையன். அது இருந்த இடத்தில்தான் இந்தத் தங்கக் கம்பி உட்கார்ந்திருந்தது.