ரொட்டவேட்டர் வாடகையும் ஹார்முஸ் நீரிணையும்

2025 ஜூன் 22, ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு என் பெரியப்பா மகன் வண்டியைக் கிளப்பினான். எங்கேடா இந்த நேரத்தில் என்றால், "ஹார்முஸை மூடப் போறாங்களாம்ணா. நாளைக்குப் பெட்ரோல் 150 ஆயிடுமாம். டேங்க் ஃபுல் பண்ணிட்டு வந்துடறேன்" என்கிறான். அவனிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். டேங்க் கொள்ளளவு நாலு லிட்டர். அவன் பயந்தபடியே நடந்திருந்தாலும் மிச்சம் இருநூறு ரூபாய்கூட வந்திருக்காது. பங்க்குக்குப் போய் வர ஏழு கிலோமீட்டர் வேறு.

வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் கடந்துபோகும் ஹார்முஸ் நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 24ஆம் தேதியே இஸ்ரேல்-ஈரான் சண்டை நின்றுவிட்டது. 70 டாலருக்குக் கீழே இருந்த கச்சா எண்ணெய் பீப்பாய் விலை 80ஐ ஒட்டிப் போய், அன்றைக்கு 67க்கு இறங்கியது. அதாவது சண்டை தொடங்கும் முன்பு இருந்ததைவிடக் குறைவு. நம் ஊர் பங்க்கில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மட்டும் போர் நிறுத்தம் இன்னும் வரவில்லை.

அங்கே இரண்டு அணி. ஒரு மாமா அப்போது மத்தியில் ஆண்ட கட்சி, இன்னொரு அண்ணன் அப்போது மாநிலத்தில் ஆண்ட கட்சி. மாமா சொல்வது: நாம் 85 சதவீதத்துக்கு மேல் எண்ணெயை வெளியில் வாங்குகிறோம், போர் வந்தால் விலை ஏறத்தான் செய்யும், அதற்கு டெல்லி என்ன பண்ணும்? அண்ணன் சொல்வது: 2014இல் பெட்ரோலுக்கு கலால் வரி 9 ரூபாய் 48 காசு, டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு, 2025இல் 21.90, 17.80. 2025 ஏப்ரலில்கூட இரண்டு ரூபாய் ஏற்றினார்களே, ஏப்ரலில் எந்த நாட்டில் குண்டு விழுந்தது?

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் சண்டை முடிவதில்லை. அண்ணன் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. 2025இல் தமிழ்நாட்டு வாட் வரி பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். அந்தச் சதவீதப் பகுதி இருக்கிறதே, போரில் விலை ஏற ஏற அதுவும் தானாக ஏறும். சட்டமன்றத்தில் யாரும் கை தூக்க வேண்டியதில்லை. 2021 தேர்தலில் அண்ணன் கட்சிக்காரர்கள் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 குறைப்போம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். டீசல் அப்படியே நின்றுபோனது. பைக் வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்தது அந்த மூன்று ரூபாய். என் தோட்டத்துத் தக்காளி பைக்கில் போவதில்லை, டீசல் வண்டியில் போகிறது.

விலையைப் போர் மட்டும் முடிவு செய்வதில்லை என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஓசூர் தாண்டி கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி வரை ஒரு நடை போய் வரலாம். 2022 ஏப்ரலில், உக்ரைன் போர் உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் டீசல் 100.94, பெங்களூரில் 94.79. அதே கச்சா எண்ணெய், அதே போர், நடுவில் ஒரு செக்போஸ்ட். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் காலி டேங்க்கோடு எல்லை தாண்டி, அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொண்டு திரும்புவார்கள். இருநூறு லிட்டருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் என்றால் யார் விடுவார்கள்? அப்புறம் கர்நாடகமும் 2024 ஜூனில் ஒரு தடவை, 2025 ஏப்ரலில் ஒரு தடவை டீசல் வரியை ஏற்றிக்கொண்டது. இடைவெளி சுருங்கிவிட்டது. நாம் இறங்கி அது சுருங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சரி, எனக்கு இதில் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறேன். பங்க்கில் இல்லை. மண்டியில்.

2022 மார்ச் கடைசி வாரத்துத் தக்காளிச் சீட்டு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ரஷ்யா உள்ளே நுழைந்தது பிப்ரவரி 24. மார்ச் முதல் வாரத்தில் பீப்பாய் 139 டாலர் வரை தொட்டது. நம் ஊரில் பங்க் விலை அசையவே இல்லை, முந்தைய நவம்பரிலிருந்து அப்படியே நின்றது. மார்ச் 10 அன்று ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்தன. 22இலிருந்து விலையேற்றம் தொடங்கியது. பெரும்பாலான நாட்களில் 80 பைசா, 16 நாளில் 14 முறை, மொத்தம் பத்து ரூபாய்க்குப் பக்கம். என் சீட்டு அந்த நாட்களில் எழுதியது. 40 கிரேட் (தக்காளிப் பெட்டி), கிரேட்டுக்கு 140 ரூபாய், ஆக 5,600. மண்டி கமிஷன் 560. இறக்கு கூலி 120. குட்டியானை வாடகை, அதுவரை கிரேட்டுக்கு 12 ரூபாய், அன்றைக்கு 15 என்று 600 பிடித்தார்கள். பறித்த ஐந்து பேருக்குக் கூலி 1,500. கையில் நின்றது 2,820. குச்சி, கயிறு, மருந்து, நாற்று எல்லாம் இனிமேல்தான் இதில் கழிக்க வேண்டும்.

கிரேட்டுக்கு மூன்று ரூபாய் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நானும் வாடகை எவ்வளவு என்றே கேட்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். வாடகை கிரேட் கணக்கு. தக்காளி நூறுக்குப் போனாலும் அதே வாடகை, ஐந்துக்குப் போனாலும் அதே வாடகை. ஐந்துக்குப் போகும்போதுதான் அது கடிக்கும். வண்டிக்காரர் டீசல் ஏற்றத்தை என்மேல் வைக்கிறார். வெளியூருக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி தன் லாரி வாடகையை ஏலத்தில் குறைத்துக் கேட்டு என்மேல் வைக்கிறார். நான் அதை யார்மேல் வைப்பது? தக்காளிச் செடி மேலா? எரிபொருள் விலையால் "பொதுமக்கள் பாதிப்பு" என்று டிவியில் மூன்று மணி நேரம் பேசுகிறார்களே, அந்தப் பொதுமக்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு பில்லில் அதைத் தள்ளிவிட முடிந்தவர்கள். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்குப் பின்னால் ஆள் இல்லை.

"எலக்ட்ரிக்குக்கு மாறிடுங்க மாமா" என்கிறான் ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன். ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை போச்சம்பள்ளிப் பக்கம், ஏதர் ஓசூரில், எல்லாம் நம் மாவட்டத்தின் வாசலிலேயே. நல்லதுதான், என் மகளுக்கு ஒன்று வாங்கித் தரலாம். நாற்பது கிரேட்டை அதில் எப்படி ஏற்றுவது என்று அவனிடம் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்போது ஒரு சங்கடமான கதை. 2022இல் டீசல் ஏறிய வாரமே எங்கள் ஊர் டிராக்டர்காரர், மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டருக்கான வாடகையை மணிக்கு 1,000இலிருந்து 1,200 ஆக்கினார். அவர் வண்டி மணிக்கு ஐந்தாறு லிட்டர் குடிக்கும். லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றம் என்றால் மணிக்கு அறுபது ரூபாய். ஏற்றியது இருநூறு. அந்த மே மாதம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 குறைத்தது. சென்னையில் டீசல் 94க்கு வந்தது. 2024 மார்ச்சில், தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்தினம், இன்னும் இரண்டு ரூபாய் குறைந்தது. வாடகை 1,200தான். கேட்டால், "டயர் விலை தெரியுமாண்ணா?" என்கிறார். தெரியும். டெல்லியும் இதையேதான் சொல்கிறது, டயருக்குப் பதில் வேறு ஏதாவது பெயர் வைத்து.

எண்ணெய் நிறுவனங்களைச் சும்மா திட்டுவதும் சரியில்லை. 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, விலையை ஏற்றாமல் வைத்ததால், மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டின. அந்த ஆறு மாதம் நம் தலையில் விழ வேண்டியதை அவர்கள் தாங்கினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2023-24இல் அதே மூன்றும் சேர்ந்து சுமார் 81,000 கோடி லாபம் பார்த்தன. பழைய நஷ்டம் ஈடானபிறகு மிச்சம் எங்கே என்று நாம் கேட்கிறோமா? பீப்பாய் ஏறும் நாளில் சந்தை விலை என்கிறார்கள், இறங்கும் நாளில் சந்தை எங்கேயோ வெளியூர் போய்விடுகிறது. பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்டது 2010இல், டீசலை 2014இல், தினசரி விலை மாற்றம் வந்தது 2017 ஜூனில். தினமும் மாற வேண்டிய விலை 2022 மே மாதத்துக்குப் பிறகு 2025 ஜூன் வரை மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பெரிதாக மாறியது.

ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர் என்றால் நானும் என் பங்கைத் தருகிறேன். 2022இல் லிட்டருக்கு இவ்வளவு போருக்காக ஏற்றினோம், இந்தத் தேதியில் இவ்வளவு திருப்பினோம் என்று பங்க் வாசலில் ஒரு பலகை மாட்டட்டும். மண்டியில்கூட கமிஷன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று சீட்டில் பிரித்து எழுதித் தருகிறார்கள். பங்க் பில்லில் அளவு, விலை, தொகை, அவ்வளவுதான். அதில் மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு என்று இரண்டு வரி சேர்க்க இங்க் தீர்ந்துவிடுமா?

டீக்கடை மாமாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு எந்தக் கட்சிடா?" என்றார்.

புதன்கிழமை கொஞ்சம் மழை பெய்தது. நிலத்தை ஓட்ட வேண்டும் என்று டிராக்டர்காரருக்கு ஃபோன் போட்டேன். "வெள்ளிக்கிழமை காலையில வந்துடறேண்ணா. சண்டை நடக்குது, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார். சண்டை செவ்வாய்க்கிழமையே நின்றுபோச்சு தம்பி என்றேன். "அப்படியா? அது எனக்கு இன்னும் வாட்ஸ்அப்ல வரலியேண்ணா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.