பசை காய்ச்சிய ஓவியர்

நார்வே ஓவியர் லார்ஸ் ஹெர்டர்விக் பற்றி எதைப் படித்தாலும் இரண்டாவது வரிக்குள் மனநோய் வந்து நின்றுவிடுகிறது. எனக்கு இதில் தீராத எரிச்சல். மனிதர் வரைந்ததைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய மருத்துவச் சீட்டை நம் கையில் திணித்துவிடுகிறார்கள்.

நோய் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 1830இல் நார்வேயின் தென்மேற்குக் கரையோரம் பொர்கோய் என்ற தீவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். ஸ்டவாங்கர் நகரில் பெயின்டர் வேலை கற்றார். ஆம், வீட்டுக்கு வண்ணம் பூசுகிற பெயின்டர்தான். கைத்திறனைக் கண்ட வசதியானவர்கள் சிலர் செலவை ஏற்று, ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஹான்ஸ் கூட (Hans Gude) என்ற நார்வே ஓவியரிடம் படிக்க அனுப்பினார்கள். 1854இல் மனம் குலைந்து ஊர் திரும்பினார். 1856 முதல் 1858 வரை காவுஸ்டா மனநல மருத்துவமனை. அதன்பின் ஏழை நிவாரணத்தில் ஓட்டிய வாழ்க்கை.

1867இல் தான் பிறந்த தீவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அலையில்லாத நீர். தீவு சின்னதாக ஒதுங்கிக் கிடக்க, மேலே மேகம் மலைபோல் குவிந்து அதே வடிவில் கீழேயும் இறங்குகிறது. எது வானம், எது கடல் என்று கண் சற்றுத் தடுமாறும்.

பிறகு கித்தானுக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் காசில்லை. மனிதர் நிறுத்தவில்லை. புகையிலை சுற்றிய தாள், செய்தித்தாள் என்று கிடைத்த துண்டுகளை மாவுப் பசையால் ஒட்டி, அதன்மேல் நீர்வண்ணத்தில் வரைந்தார். நாங்கள் சிறுவயதில் பட்டம் ஒட்ட மைதா காய்ச்சுவோமே, ஏறக்குறைய அந்தப் பசைதான். கட்டி தட்டாமல் கிளற வேண்டும். ஒட்டியது காயும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தில் கை வைத்தால் தாள் சுருங்கிவிடும். பித்தம் தலைக்கேறி வரைந்தார் என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் இந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்! என்னைக் கேட்டால், அவரைப் புரிந்துகொள்ள காவுஸ்டாவைவிட அந்தப் பெயின்டர் வேலைதான் அதிகம் உதவும். முதலில் பரப்பைத் தயார் செய், பிறகு வண்ணத்தைத் தொடு என்பது அந்தத் தொழிலின் பாலபாடம்.

1902இல் வறுமையிலேயே இறந்தார். 1914இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், நடந்த பெரிய கண்காட்சியில்தான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது.

அந்தத் தாள் ஓவியங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மேகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். வண்ணம் அதன்மேல் நிற்காமல் கடந்து போயிருக்கும்.