எங்கள் வீட்டுத் துவரம்பருப்பும் தில்லிக் கணக்கும்

2023 கடைசியில் ஒரு மத்தியானம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டிக்கொண்டு ஓர் இளம்பெண் நின்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோளில் பெரிய பை. “சென்ட்ரல் கவர்மென்ட் சர்வே சார். குடும்பச் செலவுக் கணக்கு எடுக்கிறோம்.” எங்களுக்கு முந்தின வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நானும் ஆன்லைன் மோசடி பயத்தில் அட்டையை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.

அம்மாதான் பதில் சொன்னார். வீட்டுச் செலவு எனக்கு என்ன தெரியும்? கடந்த 30 நாளில் துவரம்பருப்பு எத்தனை கிலோ, சர்க்கரை எவ்வளவு, கடந்த 7 நாளில் காய்கறி, எண்ணெய், முட்டை, மீன் எவ்வளவு என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. ரேஷனில் சும்மா வந்த அரிசி தனி, காசு கொடுத்து வாங்கிய அரிசி தனி. மீன் வந்தபோது அம்மா கொஞ்சம் தடுமாறினார். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு தடவை சங்கராவோ மத்தியோ கொண்டுவந்து தருவார். “அது காசு இல்லம்மா, பழக்கத்துக்குக் குடுக்கிறது” என்றார் அம்மா. “சும்மா வந்தாலும் கணக்குல உண்டும்மா” என்றார் அந்தப் பெண். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சரி, அரைக் கிலோ என்று போடச் சொன்னார். (ஒரு கிலோவுக்குக் குறையாது. நான் வாயைத் திறக்கவில்லை.)

அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கண்ணு, இதெல்லாம் சொன்னா ரேஷன் கார்டை எடுத்துட மாட்டீங்களே?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாட்டின் வளர்ச்சித் திட்டம் என்றால் நமக்கு நிதி அமைச்சர் பட்ஜெட் வாசிப்பது ஞாபகம் வரும், ரயில்வே அமைச்சர் கொடி அசைப்பது ஞாபகம் வரும். அந்தப் பெண்ணை அனுப்பிய அமைச்சகத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் பத்தில் ஒருவர் சொன்னாலே ஆச்சரியம். புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம். இரண்டு துறைகளைச் சேர்த்து 1999 அக்டோபரில் உண்டாக்கியது. 2019இலிருந்து தனிப்பொறுப்பு இணையமைச்சர் ஒருவர் கையில் இருக்கிறது. இலாகா ஒதுக்கும் நாளில் இதைக் கேட்டுச் சண்டை போட்ட கட்சி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் மற்ற எல்லா அமைச்சகமும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. விலைவாசி ஏறியதா என்று ரிசர்வ் வங்கி பார்ப்பது இவர்கள் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டைத்தான். அதில் அரிசிக்கு எவ்வளவு பங்கு, பெட்ரோலுக்கு எவ்வளவு பங்கு என்று முடிவாவது எங்கள் அம்மாவிடம் கேட்ட மாதிரி கேட்ட பதில்களிலிருந்து. நாடு முழுக்க சுமார் 2.6 லட்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு மூன்று மாதத்தில் மூன்று தடவை வருவார்கள். அம்மா மீனை அரைக் கிலோவாகக் குறைத்தது நாட்டையே புரட்டிவிடாதுதான். எல்லா அம்மாக்களும் குறைத்தால்?

மதுவைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. எங்கள் தெருவில் கேட்ட எல்லா வீட்டிலும் “ஐயையோ, அந்தப் பழக்கமே இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் சனிக்கிழமை சாயங்காலம் பாலத்தைத் தாண்டி, புதுச்சேரி எல்லையில் முள்ளோடை மதுக்கடைகளில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகள் எல்லாம் எந்த ஊர் வண்டிகளோ!

பழைய கதை கொஞ்சம். ஐந்தாண்டுத் திட்டம் போட்ட திட்டக் குழு 1950 மார்ச்சில் உருவானது. வீடு வீடாகப் போய் மாதிரிக் கணக்கெடுக்கும் வேலையும் அதே 1950இல்தான் தொடங்கியது. அதற்கு வழிகாட்டிய புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ்தான் பிறகு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அடிப்படை போட்டுக் கொடுத்தார். எண்ணுகிறவரே திட்டமும் போட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர்க்காரர்களுக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றும் இல்லை. திட்டக் குழு போய் 2015 ஜனவரி 1 முதல் நிதி ஆயோக் வந்தது. பன்னிரண்டாவதோடு ஐந்தாண்டுத் திட்டமும் 2017இல் முடிந்தது. இப்போது ஒவ்வொரு அமைச்சகமும் தன் திட்டத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. எல்லோருக்கும் பொதுவாக மிச்சம் இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான். 2018இல் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களை ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று 112 எடுத்தார்களே, தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் வந்தன. யார் உள்ளே, யார் வெளியே என்பதில் எண்கள்தான் பேசின.

அதனால்தான் எண்ணைத் தாமதப்படுத்துவதையும் மறைப்பதையும் நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. 2017-18இல் இதே நுகர்வுச் செலவுக் கணக்கை எடுத்தார்கள். தரத்தில் குறை என்று சொல்லி முடிவை வெளியிடப் போவதில்லை என்று 2019 நவம்பரில் அறிவித்தார்கள். அதே வருடம் ஜனவரியில், வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு முடிவை வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்று தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து மே கடைசியில் அந்த அறிக்கை வந்தது, வேலையின்மை 6.1 சதவீதம் என்று. குறை இருந்தால் குறையோடு சேர்த்தே வெளியிடுங்கள், படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் வந்து பருப்புக் கணக்கு வரை கேட்டு வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினால், அடுத்த தடவை கதவைத் திறக்கிறவன் எதற்குத் திறக்க வேண்டும்?

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அது இந்த அமைச்சகத்தின் வேலை இல்லை, உள்துறையின் வேலை. ஆனாலும் மாதிரிக் கணக்கெடுப்புக்குக் கிராமம் பொறுக்க அந்தப் பட்டியல்தான் வேண்டும். கடலூர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம்மைக் கடைசியாகத் தலை எண்ணியது 2011 பிப்ரவரியில். மாவட்டத்தில் 26 லட்சம் பேர் என்றார்கள். தானே புயல் வந்தது அதே ஆண்டு டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது, 2015 வெள்ளம், கொரோனா, கடலூர் நகராட்சி மாநகராட்சி ஆனது எல்லாமே அந்தத் தலைக்கணக்குக்குப் பிறகுதான். முந்திரித் தோப்பு போனதும் திருப்பூருக்குக் கிளம்பிய குடும்பங்கள் இன்னும் கணக்கில் நம் ஊரில்தான் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் தானியம் பெறுவோரின் உச்சவரம்பும் 2011 கணக்கின்படி சுமார் 81.35 கோடிப் பேரோடு நிற்கிறது. அந்த வருடம் பிறந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கே வந்துவிட்டது. இப்போதுதான் 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து, 2025 ஜூனில் அரசிதழில் அறிவிப்பு வந்தது.

அமைச்சகத்தின் பெயரில் இருக்கும் இன்னொரு பாதி, திட்ட அமலாக்கம். 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் போகும் மத்தியத் திட்டங்கள் எத்தனை மாதம் பின்தங்கியிருக்கின்றன, செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பட்டியல் போடுவார்கள். நல்ல வேலைதான். ஆனால் பட்டியல் போடுகிறவர்களால் யாரையும் விரட்ட முடியாது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை நடந்த வருடங்களில் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் புழுதியில் குளித்துவிட்டுத்தான் இறங்கினோம். எம்.பி. தொகுதி நிதியும், வருடத்துக்கு 5 கோடி, இவர்கள் பொறுப்புதான். பேருந்து நிழற்குடையில் எம்.பி. பெயரைப் பெரிதாகப் படித்திருப்பீர்கள்.

டீக்கடையில் ஒரு நண்பர் சொன்னார்: “கணக்கு சரியா இருந்தா மட்டும் என்ன, முடிவு எடுக்கிறது அரசியல்தானே?” எடுக்கட்டும். ஆனால் எண் வெளியே இருந்தால், ஏன் இந்த முடிவு என்று நாம் கேட்க முடியும். எண்ணே இல்லாதபோது எதைக் காட்டிக் கேட்பது? புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்டம் போட்டு அதிகாரம் கொடுங்கள், முடிவு வெளியாகும் தேதியை முன்கூட்டியே சொல்லி அந்தத் தேதியில் வெளியிடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது: 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். கடலூருக்கென்று தனியாக ஏதாவது தெரியவரலாம்.

அந்தப் பெண் மூன்றாவது தடவை வந்தபோது அம்மா காபி போட்டுக் கொடுத்து, “போன தடவை சொன்ன பருப்பெல்லாம் தில்லிக்குப் போய்ச் சேர்ந்துச்சா?” என்று கேட்டார். 2024 டிசம்பரில் முடிவு வந்தது. நாட்டின் நகரப் பகுதிகளில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். விரல் விட்டு எண்ணி, நாலு பேருக்கு இருபத்தெட்டாயிரம் என்று அவரே சொன்னார். “நான் அவ்வளவு சொல்லலையேடா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“அந்த மீனை ஒரு கிலோன்னே சொல்லியிருக்கலாம்.”