நிறைவேறிய அப்புறம் மசோதா எங்கே போகிறது?
தமிழகச் சட்டமன்ற மசோதாக்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, மக்கள்தான் படிப்பதில்லை என்கிறார் ஒரு கட்டுரையாளர். சரி, படிக்க எங்கே நேரம் விடுகிறார்கள்? 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, நம்மில் பலருக்கு அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரியும். எதிர்ப்பு கிளம்பியதும் 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். இது கண்ணில் பட்டதால் நின்றது. படாதவை?

அதைவிடப் பெரிய சிக்கல், நிறைவேறிய மசோதா இப்போது யார் மேசையில் இருக்கிறது என்பது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 நவம்பரில் சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றிய 10 மசோதாக்களில் 2020 ஜனவரியிலேயே பேரவை ஒப்புதல் பெற்றவையும் உண்டு. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவை சட்டமாயின. ரயில் எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்கிறோமே, அதே மாதிரி ஆளுநருக்கு அனுப்பிய தேதி, திருப்பி அனுப்பிய தேதி, குடியரசுத் தலைவருக்குப் போன தேதி, அரசிதழில் வந்த தேதி என எல்லாவற்றையும் பேரவைச் செயலகமே ஒரே பக்கத்தில் போடட்டும், அப்புறம் மக்களைக் குறை சொல்லலாம்.