சிரட்டைக் கரி மட்டும் போதாது

ஊருணித் தண்ணீரின் மஞ்சள் நிறம் போக, சிரட்டையில் செய்த கிளர்வூட்டிய கரியே (நுண்துளைகள் நிறைய உண்டாகும்படி பதப்படுத்திய கரி) போதும் என்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரைக்குடிப் பக்கம் எங்கள் கிராமத்து ஊருணி ஐப்பசி மழைக்குப் பிறகு வெளிறிய டீ நிறத்தில் கிடக்கும். கரை மரங்களின் இலை ஊறிய சாறு அது. அப்பத்தா பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பார். காலையில் சேறு அடியில் தங்கியிருக்கும், நிறம் மட்டும் அப்படியே நிற்கும். அந்த நிறம் பெரும்பாலும் ஹியூமிக் பொருள்கள், அதாவது இலைதழை மட்கி உண்டாகிறவை. அவற்றின் மூலக்கூறுகள் பெரியவை. சிரட்டைக் கரியின் துளைகளோ பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு, உள்ளே நுழைய இடமில்லை. மரத்திலோ நிலக்கரியிலோ செய்த, துளை சற்றுப் பெரிதான கரிதான் இதற்குச் சரி. அடுப்புக் கரியை யாரும் போட்டுவிடாதீர்கள், அது கிளர்வூட்டியது அல்ல.

அப்புறம் வரிசை. படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, கரியில் வடித்து, கடைசியில்தான் குளோரின். இலைச்சாற்றோடு குளோரின் சேர்ந்தால் உடலுக்குக் கேடான குளோரோஃபார்ம் உண்டாகும் என்பது 1974-லேயே தெரிந்த விஷயம். எங்கள் தெருவில் இன்னமும் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரைத்தான் முதலில் கொட்டுகிறோம். தயவுசெய்து இந்த வரிசையையும் கட்டுரையில் சேருங்கள்.