கடற்கரைச் சந்துக்குக் கேட் போட்டிருக்கிறார்கள்

இன்று காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனால், சந்தின் முனையில் பிளைவுட்டில் ஒரு கேட், அதில் புத்தம்புதுப் பித்தளைப் பூட்டு. நான்கு வருடமாக நான் தினமும் நடக்கிற வழி. பார்படாஸின் மேற்குக் கரையில், ஹோல்டவுனுக்குக் கொஞ்சம் தெற்கே, இரண்டு மதில்களுக்கு நடுவே இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவு அகலம்தான். அதைக்கூட விட்டுவைக்க மனசு வரவில்லை.

காவலுக்கு நின்ற பையனைக் கேட்டேன். "வேலை நடக்குது சார், பாதுகாப்புக்காக மூடச் சொல்லியிருக்காங்க" என்றான். எப்போது திறப்பார்கள்? "தெரியாது சார்." அவனைத் திட்டி என்ன பயன், விடியும் முன்னே செயின்ட் ஆண்ட்ரூவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிறான். என்னோடு கேட் முன்னால் நின்றது மீன் கேக் விற்கும் அம்மா. உப்புப் போட்டுக் காயவைத்த மீனை மாவில் பிசைந்து பொரிப்பார், ரொட்டிக்குள் இரண்டு வைத்துக் கொடுத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. அறுபதைத் தாண்டியவர். சின்னச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஐஸ்பெட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். அந்த ரோட்டில் நடைபாதை என்று சொல்ல எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் இசட்ஆர் என்கிற தனியார் பயணிகள் வேன்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு பறக்கும். அடுத்த வழிக்கு அந்த அம்மாவின் நடைக்கு இருபது நிமிடம். வண்டியின் ஒரு சக்கரம் தாருக்கு வெளியே இறங்கி இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன், வயிறு எரிந்தது.

பார்படாஸில் தனியார் பீச் என்று ஒன்று கிடையாது. எல்லா மணலும் பொதுமக்களுக்கு, கோடீஸ்வரன் வீட்டுக்கு முன்னால் இருந்தாலும் நான் துண்டை விரித்துப் படுக்கலாம், யாரும் எழுப்ப முடியாது. சரி, படுக்கலாம். அங்கே போய்ச் சேருவது எப்படி? மணல் பொது, மணலுக்குப் போகும் நிலம் தனியார். இந்த ஓட்டையில்தான் இத்தனை அநியாயமும் நடக்கிறது. யாரும் சட்டத்தை மீறி பீச்சை வளைத்துப் போடுவதில்லை, அதற்கு அவசியமே இல்லை, ரோட்டுப் பக்கம் பத்தடி மதிலை எழுப்பி, நடுவில் இருக்கும் சந்தை முதலில் 'தற்காலிகமாக' மூடி, அப்புறம் அங்கே இரண்டு செடித்தொட்டியை வைத்து, அப்புறம் அதை வேலைக்காரர்கள் நுழையும் வாசல் என்று சொல்லிவிட்டால் ஐந்து வருடத்தில் அப்படி ஒரு வழி இருந்ததே ஊருக்கு மறந்துவிடும். கட்டடங்களுக்கு நடுவே கடல் தெரிய விட்டிருக்கும் திறந்த இடங்களை இங்கே 'கடலுக்கான ஜன்னல்' என்பார்கள். மேற்குக் கரை ரோட்டில் வண்டியில் வந்து பாருங்கள், கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கண்ணில் படாது. மதில், கேட், கேமரா, மறுபடி மதில்.

அந்த மதிலுக்குப் பின்னால் குடும்பம் குட்டி என்று யாராவது வாழ்ந்தால்கூட மனசு ஆறும். பூட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்து வில்லாவில் இந்த நான்கு வருடத்தில் முழுசாக ஆறு வாரம் ஆள் இருந்து நான் பார்த்ததில்லை. டிசம்பர் கடைசியில் வருவார்கள், பிப்ரவரியில் ஒரு முறை வருவார்கள், அவ்வளவுதான். மற்ற மாதமெல்லாம் ஏசி ஓடுகிறது, தோட்டக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார், குளிக்க ஆளே இல்லாத நீச்சல்குளத்தில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது. இது ஆறு ஏரி உள்ள நாடு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஊறுகிற நிலத்தடி நீரை நம்பிப் பிழைக்கும் தீவு, உலகிலேயே தண்ணீர்த் தட்டுப்பாடு அதிகம் உள்ள நாடுகளில் ஒன்று. வடக்கே செயின்ட் லூசி பக்கம் குழாயில் பழுப்புத் தண்ணீர் வருகிறது என்றும் நாள் கணக்கில் வருவதே இல்லை என்றும் ஜனங்கள் வாளியோடு நின்ற காலம் ஒன்றும் பழைய கதை அல்ல.

போன வாரம் டொராண்டோவிலிருந்து பெரியப்பா மகன் ஃபோன் செய்தார். "தம்பி, அங்க கடலை ஒட்டி ஒரு இடம் பாருடா. குளிர் நாலு மாசம் வந்து இருந்துக்கறோம், மிச்ச நாளு டூரிஸ்ட்டுக்கு விட்டுடலாம். லாபத்துக்கு வரி கிடையாதாமே?" உண்மைதான் அண்ணா, மூலதன ஆதாய வரியும் இங்கே கிடையாது, வாரிசு வரியும் கிடையாது, வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்கத் தடையும் இல்லை. அதனால்தான் எல்லோரும் வருகிறார்கள். நான்கு மாதம் இங்கே, எட்டு மாதம் அங்கே என்று வாழ்கிறவர்களுக்காக, பன்னிரண்டு மாதமும் இங்கே இருக்கிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கேட்டீர்களா? நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், சம்பளம் உள்ளவன். எனக்கே முதல் இரண்டு வருடமும் வீட்டுக்காரர் "டிசம்பர் 15-க்குள் காலி பண்ணிடுங்க, ஏப்ரல் கடைசியில திரும்ப வாங்க" என்றார். சீசனில் ஒரு வாரத்துக்கு டூரிஸ்ட் கொடுக்கிற காசை நான் மாதம் முழுக்க இருந்தாலும் கொடுக்க முடியாது. இட்லிக் குண்டான், குக்கர், மிக்ஸி, புத்தகம் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி நண்பர் வீட்டு கராஜில் போட்டுவிட்டு, பரீட்சைத் தாளைத் தூக்கிக்கொண்டு ஒற்றை ரூமில் நான்கு மாதம் கிடந்தேன். நான் வந்தேறி, என் கஷ்டம் போகட்டும். இங்கே பிறந்த நர்சும் பஸ் டிரைவரும் என்ன செய்வார்கள்?

இந்த ஜனங்களுக்கு நிலம் என்பது சும்மா கிடைத்தது இல்லை அண்ணா. 1838-இல் அடிமைத்தனம் முழுசாக ஒழிந்த பிறகும் நிலம் தோட்ட முதலாளிகள் கையில்தான் இருந்தது. குடியிருப்பவன் வீட்டைப் பலகையால் கட்டி, அடுக்கிய கல்லின் மேல் உட்கார வைத்தான், போ என்று சொன்னால் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்காக. சாட்டல் ஹவுஸ் என்று போஸ்ட்கார்டில் கலர் கலராக அச்சடித்து விற்கிறார்களே, அது அதுதான். காலடி மண்ணை விலைக்கு வாங்கும் உரிமையே 1980-இல் வந்த சட்டத்தால்தான் பலருக்குக் கிடைத்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று கடலைப் பார்க்க மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இதில் அந்தக் கடற்கரையாவது மிஞ்சுகிறதா? உயர் அலைக்கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளித்தான் புதிதாகக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய கட்டடமோ மணலின் விளிம்பிலேயே நிற்கிறது, அதை இடித்துவிட்டு அதே இடத்தில் இன்னும் பெரிதாக எழுப்பத்தான் எல்லோரும் துடிக்கிறார்கள். எழுப்பியதும் கடல் பயம் வரும், கான்கிரீட் சுவர் வைப்பார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலை வந்து மணலை அள்ளிக்கொண்டு போவதும், கோடையில் கடலே திருப்பிக் கொண்டுவந்து போடுவதும் இந்தக் கரையின் வழக்கம். சுவரில் மோதுகிற அலை திரும்பும்போது அடியிலிருக்கும் மணலையும் பறித்துக்கொண்டு போகிறது, மணல் வந்து தங்க இடமில்லை. மணலைப் பிடித்து நிற்கும் மான்சினீல் மரத்தையும் பாலில் விஷம் என்று வெட்டிவிடுகிறார்கள். விஷம்தான், மழையில் அடியில் நின்றால் தோல் கொப்புளிக்கும். அதற்காகத்தான் அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசி வைத்திருக்கிறது ஊர்.

போன ஆகஸ்டில் ஒரு இரவு, அதே ஆளில்லாத வில்லாவின் வெள்ளை விளக்கு பளீரென்று எரிய, முட்டையிலிருந்து வந்த அழுங்காமைக் குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன. வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்புகிற ஜீவன். தீப்பெட்டி அளவு. இரண்டு பேர் வாளியில் பொறுக்கித் தண்ணீர் ஓரத்தில் விட்டோம். காலையில் வில்லாவின் வடிகால் கம்பிக்குள் பதினோரு குஞ்சு காய்ந்து கிடந்தது. ஒரு ஸ்விட்சை அணைக்க ஆள் இல்லை.

அண்ணாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இதையே அனுப்பப் போகிறேன். கேட்டையும் பூட்டையும் போட்டோ எடுத்துவிட்டேன், சந்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டேன். திங்கட்கிழமை திட்ட அனுமதி அலுவலகத்தில் கொடுக்க, இந்த வழியில் நடந்தவர்களின் பெயரையும் எத்தனை வருடம் நடந்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது. கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, வருடம் என்ற இடத்தில் 58 என்று எழுதினார்.